தரியா தௌலத்துக்குப் பத்து நிமிஷமா?

சக்கரக்கால்: மைசூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் போக அரை நாள் தாராளம். காலையில் ரங்கநாதர், ஜாமியா மசூதி, பெய்லி நிலவறை. திப்புவின் கோடை மாளிகையான தரியா தௌலத்துக்குப் பத்து நிமிஷம். அப்புறம் திப்புவின் சமாதியான கும்பஸ், ஆறு கூடும் சங்கமம். மத்தியானச் சாப்பாட்டுக்கு மைசூர் திரும்பிவிடலாம்.

கரிக்கோல்: பத்து நிமிஷமா? மேற்குச் சுவர்ப் பக்கம் போனீர்களா இல்லையா? 1780-இல் நம் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் கும்பினிப் படையை (கிழக்கிந்தியக் கம்பெனியை) நொறுக்கிய சண்டை முழுக்க அதில்தான் ஓவியமாக இருக்கிறது. சதுரம் கட்டி நிற்கும் சிவப்புச் சட்டைக்காரர்கள், நடுவில் வெடித்துச் சிதறும் மருந்து வண்டி, பல்லக்கில் விரலைக் கடித்தபடி கும்பினித் தளபதி கர்னல் பெய்லி. ஒரு மணி நேரம் நின்றால்தான் பாதியாவது பிடிபடும்.

சக்கரக்கால்: போனேன் சார். சுற்றிலும் பச்சைத் திரை, உள்ளே அரை இருட்டு, பின்னால் கூட்டம் நெருக்குகிறது. பிள்ளைகுட்டியோடு போகிறவர்களுக்குப் பத்து நிமிஷமே அதிகம்.

கரிக்கோல்: வெயில் பட்டால் சாயம் போய்விடும் என்றுதான் அந்தத் திரை. கண் பழகும்வரை நிற்கப் பொறுமை இல்லாதவர் அடுத்தவருக்கு ஏன் வழி சொல்ல வேண்டும்? ஒரு மணி நேரம்.

பழைய பேப்பர்: நீங்கள் கொண்டாடும் ஓவியம் 1784-இல் தீட்டியபடி இல்லை ஐயா. கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்தில் மறுபடி தீட்டியது.

கரிக்கோல்: தெரியும். மறுபடி தீட்டினால் பத்து நிமிஷத்தில் பார்த்துவிடலாமா? வெள்ளைக்காரன் தோற்ற கதையை வெள்ளைக்காரனே செலவழித்துக் காப்பாற்றியிருக்கிறான். நமக்கு நின்று பார்க்க வலிக்கிறது.

அரங்கன் அடிமை: கோயிலை யாருமே பேசவில்லை. காவிரிக்கரை ரங்கநாதர் கோயில்களில் இது ஆதிரங்கம், சிவசமுத்திரம் மத்தியரங்கம், எங்கள் ஸ்ரீரங்கம் அந்தியரங்கம். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவனுக்கு இந்தக் கோயில் சின்னதுதான்.

மைசூர் மருமகள்: சின்னதா? ஆதி என்று நீங்களே சொல்லிவிட்டு அளவெடுக்க வந்துவிட்டீர்கள். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், முதலில் அதை எழுதுங்கள். காரும் வேண்டாம், ஊரே காவிரித் தீவு, ரயில்வே ஸ்டேஷன் தீவுக்குள்ளேயே இருக்கிறது.

சக்கரக்கால்: ஸ்டேஷனிலிருந்து சங்கமம் தீவின் மறுகோடி அம்மா. வெயிலில் வயசானவர்களை நடத்திக் கூட்டிப்போவீர்களா?

மைசூர் மருமகள்: ஆட்டோ எதற்கு இருக்கிறது?

கரிக்கோல்: ஆட்டோவை விடுங்கள். இவர்தான் போன மாதம் சோமநாதபுரம் கோயிலுக்கு இருபது நிமிஷம் போதும் என்று எழுதியவர். அன்றைக்கும் நான்தான் சண்டை போட்டேன். நிலவறையில் வெறும் சுவரையும் சங்கிலி மாட்டிய கல்லையும் பார்க்கிறீர்கள். பெய்லி எப்படிப் பிடிபட்டார் என்று அந்த ஓவியம்தான் சொல்லும். ஒரு மணி நேரம்.

சக்கரக்கால்: உங்களுக்கு ஓவியம் வரையத் தெரியும், நிற்கிறீர்கள். எல்லாரும் அப்படியா? பத்து நிமிஷம். மாற்ற மாட்டேன்.

கரிக்கோல்: எனக்கு ஒரு கோடு போடத் தெரியாது. கண் இருக்கிறது, அது போதும்.

பழைய பேப்பர்: ரங்கனதிட்டுப் பறவைகள் சரணாலயப் படகை இரண்டு பேருமே மறந்துவிட்டீர்கள். பறவைகளை விட்டுவிட்டு என்ன ஸ்ரீரங்கப்பட்டணம்?

அரங்கன் அடிமை: பறவை பார்க்க வேடந்தாங்கல் இல்லையா?

மைசூர் மருமகள்: வேடந்தாங்கலில் முதலை பாறைமேல் படுத்திருக்குமா?