டிசம்பர் கச்சேரியில சுருதி இறங்கின கதை: உங்களுக்கும் உண்டா?

இரண்டாவது_ஆல்ட்டோ:
போன டிசம்பர். இங்கிலாந்து, யார்க்‌ஷயர்ல ஒரு சின்ன ஊர் சர்ச், ஹீட்டர் பேருக்குத்தான். நாங்க முப்பது பேர் கொண்ட பாடகர் குழு, பாதிப் பேர் ரிட்டயர் ஆனவங்க. விக்டோரியான்னு பழைய ஸ்பெயின் இசையமைப்பாளரோட 'ஓ மாக்னும் மிஸ்டேரியும்' பாடினோம். தெரிஞ்சவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல: சொப்ரானோ (பெண்கள்ல உச்சக் குரல்) பஞ்சமத்துல எடுத்து ஷட்ஜத்துக்கு விழுந்து மறுபடி ஏறும், பின்னாடியே ஆல்ட்டோ (அதுக்குக் கீழ்க் குரல், எங்க வரிசை) வாங்கணும். துணைக்கு வாத்தியம் கிடையாது. முடிஞ்சதும் கைதட்டல் பிரமாதம்.

அடுத்து ஜனங்களோட சேர்ந்து பாடுற கேரல் (கிறிஸ்துமஸ் பாட்டு), அதுவும் விக்டோரியா மாதிரியே ஜி சுருதிதான். ஆர்கன்காரர் முதல் கார்டை (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரங்கள்) அமுக்கினார் பாருங்க... நாங்க நின்ன இடத்துல இருந்து அரை ஸ்வரம் மேல. முன் வரிசையில ஒரு சின்னப் பையன் திரும்பி அம்மா முகத்தைப் பார்த்தான்.

டீ குடிக்கும்போது பேஸ்ல (ஆண்கள்ல அடிக்குரல்) பாடுற பெரியவர் வந்தார். எண்பதை நெருங்குறவர், காது மெஷின் போட்டிருக்கார். "நானா இறக்கினேன்?"னு கேட்டார். "சேச்சே, குளிருங்க"ன்னுட்டேன். இறக்கினது எங்க வரிசை, நானும் சேர்த்துத்தான். ரிகர்சல்லயே அப்படித்தான் இருந்துச்சு. ஜனவரியில அவர் வரல.

நாப்பதுல_ஒருத்தன்:
குளிர் மேல பழி போடாதீங்க. குளிர்ல இறங்குறது ஆர்கன் பைப். காத்துல ஒலியோட வேகம் குறையுது, பைப்போட சுருதியும் குறையுது. 10 டிகிரி குறைஞ்சாலே அரை ஸ்வரத்துல மூணுல ஒரு பங்கு போயிடும். அப்போ நீங்க இறங்கினது அரை ஸ்வரத்துக்கும் மேலயே!

என் கதை சின்னது. டாலிஸ்னு பழைய இங்கிலாந்து இசையமைப்பாளரோட 'ஸ்பெம் இன் ஆலியும்', அஞ்சஞ்சு குரலா எட்டு குழு, நான் எட்டாவதுல. எங்க முறை வர ரொம்ப நேரம் ஆகும். கையுறைக்குள்ள விரல் மடக்கி எண்ணிட்டிருந்தேன், பக்கத்து ஆள் தும்மினார், எண்ணிக்கை போச்சு. வாயை மட்டும் அசைச்சேன்.

இனிமே செய்ய வேண்டியது: ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப வரும்போது ஒவ்வொரு தடவையும் புதுசா எடுக்கணும். இறங்கி வர்றப்போ படியைச் சின்னதா வைக்கணும், ஏர்றப்போ பெருசா. மூச்சு தீர்ற வரைக்கும் இழுக்கக் கூடாது. பாட்டு நடுவுல சுருதி பார்க்குற ட்யூனிங் ஃபோர்க்கைக் காதுல வச்சுப் பாருங்க. ரிகர்சலை அரை ஸ்வரம் மேல வச்சுப் பாடிப் பழகுங்க. கம்பளி சாக்ஸ் ரெண்டு ஜோடி. இருமல் மிட்டாய் பேப்பரை முன்னாடியே பிரிச்சு வச்சுக்கணும், அந்தச் சத்தம் டெனரை (ஆண்கள்ல மேல் குரல்) விட நல்லாக் கேட்கும்.

சும்மா_கேக்குறவன்:
நான் பாடமாட்டேன், வீட்டம்மா பாடுவாங்க. பர்டுன்னு பழைய இங்கிலாந்து இசையமைப்பாளரோட நாலு குரல் மாஸ் (சர்ச் பூசைக்கான பாட்டு). 1590-கள்ல தலைப்புப் பக்கமே இல்லாம அச்சடிச்சாங்களாம், இங்கிலாந்துல கத்தோலிக்கர் ஒளிஞ்சு கும்பிட்ட காலம். பழக்கதோஷத்துல தொடையில தாளம் போட்டேன். சமம் பிடிபடவே இல்ல! ஒவ்வொரு குரலும் தனித்தனியா ஓடுது. பக்கத்துல இருந்த பாட்டி தன் கம்பளியில பாதியை எடுத்து என் கை மேல போட்டாங்க. குளிருதுன்னு நினைச்சாங்களா, நிறுத்துடான்னு சொன்னாங்களா, இன்னைக்கு வரைக்கும் புரியல.

@நாப்பதுல_ஒருத்தன், அவங்க கேட்டது சுருதி பத்தியா? அந்தப் பெரியவர்கிட்ட சொன்ன பொய்யைப் பத்தித்தானே எழுதியிருக்காங்க? நீங்க சாக்ஸ்ல நிக்கிறீங்க.

நாப்பதுல_ஒருத்தன்:
கால் சில்லிட்டா மூச்சு நிலைச்சு நிக்காது சார். பாடிப் பார்த்தா தெரியும்.

இரண்டாவது_ஆல்ட்டோ:
சண்டை வேணாம். பைப் விஷயம் எனக்குத் தெரியாது, இப்போ இன்னும் சங்கடமா இருக்கு.

அந்தப் பெரியவரோட கறுப்பு ஃபோல்டர் சர்ச் அலமாரியில கிடந்தது, நான்தான் எடுத்து வச்சிருக்கேன். நேத்துத் திறந்து பார்த்தேன். விக்டோரியா முதல் பக்கத்துல, பேஸ் நுழையறதுக்கு முன்னாடி எங்க வரியைச் சுத்தி பென்சில்ல ஒரு வட்டம். பக்கத்துல "இவங்களைக் கேள்"னு எழுதியிருக்கார்.