ஐஎன்-12 நிக்ஸி கடிகாரம்: இலக்கத்துக்கு ஒரு மாட்யூல் வைத்தால் டிரைவரும் கனெக்டரும் எப்படி?

கேள்வி:
எண் வடிவக் கம்பிகள் ஒளிரும் நிக்ஸி ட்யூப்களால் ஆறு இலக்கக் கடிகாரம் வடிவமைக்கிறேன். தாய்ப்பலகையில் ஈஎஸ்பி32 (மைக்ரோகண்ட்ரோலர்), டிஎஸ்3231 (நேரம் காக்கும் சிப்), 12 வோல்ட் அடாப்டரிலிருந்து உயர் மின்னழுத்தம் எடுக்கும் பூஸ்ட் சர்க்யூட். ஒவ்வோர் இலக்கமும் கழற்றி மாட்டக்கூடிய தனிப் பலகை. ட்யூப் ஐஎன்-12, உரிய எண்ணின் கேத்தோடை (எதிர்மின்வாயை) எரியவைக்கும் டிரைவர் சிப் கே155ஐடி1. மல்டிப்ளெக்ஸ் (ஒரே டிரைவரால் ட்யூப்களை வேகமாக மாறி மாறி எரியவைப்பது) செய்யலாமா, தனித்தனி டிரைவரா? இன்னொன்று: சோதித்துப் பார்த்ததில் எரியாத இலக்கங்களிலும் மங்கலான ஒளி தெரிகிறது. சப்ளை 205 வோல்ட், ஆனோடு (நேர்மின்வாய்) ரெசிஸ்டர் 22 கிலோ ஓம். ட்யூப் பழுதா?

பதில் 1:
மாட்யூல் என்று முடிவான பிறகு மல்டிப்ளெக்ஸ் வேண்டாம். அதில் ஆனோடு ஒவ்வொன்றுக்கும் உயர் அழுத்த ஸ்விட்ச் வேண்டும். இலக்கங்களின் எண்ணிக்கை மாறினால் கரண்ட் கணக்கும் மாறும். பலகைக்கு ஒரு 74எச்சிடி595 (வரிசையாக வரும் டேட்டாவை எட்டு வெளியீடுகளில் தரும் ஷிஃப்ட் ரெஜிஸ்டர்), ஒரு கே155ஐடி1, ஆனோடு ரெசிஸ்டர், சிப் ஒவ்வொன்றின் அருகிலும் 0.1 மைக்ரோஃபாரட் போதும். டேட்டா ஒரு பலகையிலிருந்து அடுத்ததற்குப் போகும். நாலோ எட்டோ, தாய்ப்பலகையில் எதையும் மாற்ற வேண்டாம். ஆனால் நடுவில் ஒன்றைக் கழற்றினால் அதற்கு அப்பால் உள்ளவற்றுக்கு டேட்டா போகாது.

595-இல் எச்சிடி வகையே வாங்குங்கள். 5 வோல்ட்டில் ஓடும் எச்சி வகைக்கு ஹை என்றால் 3.5 வோல்ட் வேண்டும். ஈஎஸ்பி தருவது 3.3 தான். 595-இன் அவுட்புட் எனேபிள் (வெளியீடுகளைத் திறக்கும்) பின்னை 10 கிலோ ஓம் வழியாக 3.3 வோல்ட்டுக்கு இழுத்து வையுங்கள். பவர் வந்ததும் 595-இன் வெளியீடுகள் துண்டாகி நிற்கும். டிடிஎல் வகைச் சிப்பான கே155ஐடி1-இன் உள்ளீடு அந்தரத்தில் நின்றால் 1 என்றே படிக்கும், ஆக டிரைவர் 15 என்று பார்த்து எல்லா இலக்கத்தையும் அணைத்துவிடும். கண்டபடி எண்கள் மின்னாது.

கே155ஐடி1-க்கு 5 வோல்ட் 5ஆம் பின்னில், கிரவுண்ட் 12ஆம் பின்னில். வழக்கமான 16, 8 என்று தடம் வரைந்துவிடாதீர்கள்.

பதில் 2:
ட்யூப் நன்றாகத்தான் இருக்கும், சப்ளைதான் அதிகம். இந்த டிரைவரில் அணைந்திருக்கும் வெளியீடு ஏறத்தாழ 60 வோல்ட்டில் கிளாம்ப் ஆகிறது (அதற்கு மேல் ஏறாது). 205 வோல்ட்டில் அந்தக் கேத்தோடுக்கு 145 வரை கிடைத்துவிடலாம். அது மங்கலாக எரியப் போதும். 175–180க்கு இறக்குங்கள். எரியும்போது ட்யூபில் சுமார் 140 வோல்ட் நிற்கும். 22க்குப் பதில் 15 கிலோ ஓம் போட்டு, மீதி 40ஐ அதனால் வகுத்தால் 2.7 மில்லிஆம்ப். ஐஎன்-12க்கு அது சரி.

கனெக்டரில் உயர் அழுத்தப் பின்னை ஒரு கோடியில் வைத்து, பக்கத்து இரண்டு இடங்களைக் காலியாக விடுங்கள். திருப்பி மாட்ட முடியாதபடி ஒரு பின்னை அடைத்துவிடுங்கள். 180 வோல்ட் டேட்டா கோட்டில் ஏறினால் வரிசை முழுதும் போகும். பவர் இருக்கும்போது மாட்டவோ கழற்றவோ கூடாது. வெளியீட்டுக் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் அவசியம். 4.7 மைக்ரோஃபாரட் என்றால் பத்துப் பன்னிரண்டு நொடியில் வடிந்துவிடும். அதன் பிறகும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே தொடுங்கள்.

பதில் 3:
பூஸ்டில் 1என்4007 டையோடு போட்டிருந்தால் மாற்றுங்கள். அது மெதுவாக அணைவதால் மாஸ்ஃபெட்டும் (ஸ்விட்ச் செய்யும் டிரான்சிஸ்டர்) சேர்ந்து கொதிக்கும். யுஎஃப்4004 போடலாம். மாஸ்ஃபெட் ஐஆர்எஃப்740 என்றால் அதன் கேட்டுக்கு 10 வோல்ட் வேண்டும், ஈஎஸ்பி பின்னிலிருந்து நேராக ஓட்டினால் அரைகுறையாகத் திறந்து சூடாகும்.

மணியின் பத்தாம் இடத்தில் 0, 1, 2 மட்டுமே எரியும். மற்ற கேத்தோடுகளில் உலோகத் துகள் படிந்து, பிறகு எரியவைத்தால் பாதிதான் ஒளிரும். தினமும் பின்னிரவில் பத்து இலக்கங்களையும் சில நிமிடம் சுழற்றும் வேலையை ஃபெர்ம்வேரில் முதல் நாளிலிருந்தே சேருங்கள்.