மறு: லீஃப் ப்ளோயருக்குத் தமிழ்ச்சொல் – சருகூதியா, காற்றுவாரியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையை நான்கு நாளாகப் படித்து வருகிறேன். வீட்டுத் தோட்டத்தைச் சீக்கிரமாகச் சுத்தம் செய்வது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருப்பதால், குழாய் வழியே காற்றை ஊதிச் சருகைத் தள்ளுகிற லீஃப் ப்ளோயருக்கு ஒரு தமிழ்ச்சொல் எனக்கு உடனே தேவை. பக்கத்துக்குப் பக்கம் இந்த எந்திரம் வருகிறது. முதல் வரைவில் "இலை ஊதி" என்று எழுதினேன். இரண்டாவதில் "சருகூதி" என்று மாற்றினேன். இப்போது அதையும் மாற்ற நினைக்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன், தவறிருந்தால் திருத்துங்கள்.

> "இலை ஊதி" போதாதா? கேட்டவுடன் புரிகிறதே.

புரிகிறது, உண்மைதான். ஆனால் மரத்தில் இருக்கும்வரைதான் அது இலை. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று ஒவ்வொரு பருவத்துக்கும் தனிப் பெயர் வைத்திருக்கிற மொழியில், தரையில் காய்ந்து கிடப்பதைப் போய் இலை என்பானேன்? சருகு என்ற சொல்லைச் சொன்னாலே காலடியில் நொறுங்கும் சத்தம் கேட்கிறது. அதை விட்டுவிட மனம் வரவில்லை.

> சருகு + ஊதி = சருகூதி. உகரம் கெட்டுப் புணர்கிறது. சின்னச் சொல், சொல்லவும் சுகம்.

இதை முன்வைத்தவருக்கு நன்றி. நாவில் நன்றாக உட்காருகிறது. "குளிர்சாதனப் பெட்டி" என்று நீட்டி வைத்ததால்தான் பேச்சில் ஃப்ரிட்ஜ் நிலைத்துவிட்டது. அதனால் சுருக்கம் மிக முக்கியம் என்பதில் எனக்கும் உடன்பாடு. என் தயக்கம் "ஊதி" என்ற பாதியில்தான்.

போன சனிக்கிழமை எந்திரத்தைக் கையில் எடுத்து ஒரு மணி நேரம் வேலை செய்தேன். முதலில் பெயர் சொல்கிறபடியே ஊதினேன். குழாயை இடுப்பு உயரத்தில் பிடித்து, விசையை முழுக்கத் திறந்து, குவியலின் நடுவில் காட்டினேன். சருகு எழும்பிச் சுழன்று, ஏற்கெனவே சுத்தம் செய்த பக்கத்திலேயே வந்து விழுந்தது. அப்புறம் விசையைப் பாதிக்குக் குறைத்தேன். குழாயின் மூக்கைத் தரையோடு சாய்த்து, குவியலுக்குப் பின்னால் நின்று, இடமும் வலமுமாக அரைவட்டத்தில் மெதுவாக வீசினேன். பாயைச் சுருட்டுவதுபோலச் சருகு உருண்டு முன்னே போனது. எதிர்முனையில் ஒரு தார்ப்பாயை விரித்து, குவியல் வருகிற ஓரத்தில் இரண்டு கல்லை வைத்துவிட்டால் காற்று பாயைத் தூக்காது, சருகு நேராகப் பாய்மேல் ஏறிவிடும். கல்லை எடுத்துவிட்டு நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்து இழுத்துக்கொண்டு போகலாம். குனிந்து குனிந்து பையில் அள்ளிப் போடுகிற வேலை அடியோடு இல்லை. இந்த வேலையில் இடுப்பை ஒடிப்பது அதுதான் என்று செய்தவர்களுக்குத் தெரியும்.

அந்த ஒரு மணி நேரத்தில் என் கை செய்ததற்குத் தமிழில் வாருதல் என்று பெயர். பரந்து கிடப்பதை ஒரு பக்கமாகச் சேர்ப்பது வாருதல். தலை வாருகிறோம், குளத்தைத் தூர் வாருகிறோம். ஊதுவது வழி, வாருவது வேலை. கருவிக்கு வேலையின் பெயரை வைத்தால், முதல் முறை கையில் எடுப்பவர் முதல் நிமிடத்திலிருந்தே குவியலை நினைத்து வேலை செய்வார் என்று நம்புகிறேன். ஆகவே என் பரிந்துரை: காற்றுவாரி.

"துருத்தி" என்று ஒருவர் எழுதியிருந்தார். அருமையான பழஞ்சொல், ஆனால் அதைக் கேட்டதும் கண்முன் வருவது கொல்லன் உலை. நெருப்புக்குக் காற்று கொடுக்கும் கருவியின் பெயர் அதற்கே இருக்கட்டும்.

என்னை முடிவுக்குக் கொண்டுவந்தது இன்னொன்று. பல மாதிரிகளில் குழாயை மாற்றிப் பொருத்தினால் இதே எந்திரம் சருகை உறிஞ்சும். உள்ளே போகிற சருகை விசிறியின் தகடுகள் நொறுக்கிப் பையில் தள்ளும். பெட்டியில் 10:1, 16:1 என்றெல்லாம் அச்சிட்டிருப்பார்கள். பத்துப் பை சருகு ஒரு பையாகும் என்று அதற்குப் பொருள். இதற்குச் "சுருக்க விகிதம்" என்று எழுதியிருக்கிறேன். காய்ந்த சருகுக்குத்தான் அந்த விகிதத்தை எதிர்பார்க்கலாம், ஈரச் சருகு குழாயை அடைத்துக்கொள்ளும். சொல்லுக்கு வருவோம். "சருகூதியை உறிஞ்சும் நிலைக்கு மாற்றவும்" என்று எழுதிப் பார்த்தேன். வாக்கியம் தன்னோடு தானே சண்டை போடுகிறது. "காற்றுவாரியை உறிஞ்சும் நிலைக்கு மாற்றவும்" என்றால் உறுத்தவில்லை. தள்ளினாலும் இழுத்தாலும் அது காற்றால்தான் வாருகிறது.

> மண்வாரி என்றால் மண்ணை வாருவது. அப்படியானால் காற்றுவாரி என்பது காற்றை வாருவதா? இலக்கணம் இடிக்கிறது.

இதற்குத்தான் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மண்வாரியில் மறைந்திருப்பது "ஐ" என்ற இரண்டாம் வேற்றுமை உருபு. காற்றுவாரியில் மறைந்திருப்பது "ஆல்" என்ற மூன்றாம் வேற்றுமை உருபு. "காற்று" முதலில் வரும் சொற்களிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. காற்றால் இயங்கும் ஆலை காற்றாலை, காற்றால் ஆடுவது காற்றாடி. காற்றாலையைக் காற்றை அரைக்கிற ஆலை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. "வாரி" என்றால் கடல் என்றும் பொருள் உண்டே என்று கேட்ட நண்பருக்கு: உண்டு, ஆனால் மண்வாரி எந்திரத்தைப் பார்த்துக் கடலை நினைப்பவர் இல்லை.

இப்படி வைத்துக்கொண்டால் ஒரு குடும்பமே கிடைக்கிறது. ரேக் என்கிறோமே, அது பல்வாரி, பல்லால் வாருவது. இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு அள்ளுகிற நகம்போன்ற பிளாஸ்டிக் தட்டுகள் கைவாரி. மூன்றிலும் முதல் பாதி எதால் வாருகிறோம் என்று சொல்கிறது, மூன்றிலும் அதே மூன்றாம் வேற்றுமை. கையேட்டில் இது எவ்வளவு உதவுகிறது என்பதை எழுதும்போதுதான் உணர்ந்தேன். மழையில் நனைந்து தரையோடு ஒட்டிய சருகுக்குப் பல்வாரி. வேலிச்செடியின் அடியில், பல் சிக்கிக்கொள்ளும் இடத்தில், காற்றுவாரி. சரளைக்கல் பாதையிலும் காற்றுவாரிதான், ஆனால் விசை குறைவாக இருக்க வேண்டும். சருகு கிளம்பும், கல் கிடந்த இடத்தில் கிடக்கும். கடைசியில் மிஞ்சுகிற ஓர் அணைப்புக்குக் கைவாரி. வாசகர் பெயரைப் பார்த்தே எதை எடுக்க வேண்டும் என்று அறிந்துகொள்கிறார்.

> யார்ட் வேஸ்ட் = தோட்டக்கழிவு. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

எனக்கு இருக்கிறது. கழிவு என்று எழுதியவுடன் அதை வீட்டைவிட்டு வெளியேற்ற வேண்டும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. சாக்கடைக்கும் ஆலைக்கும் சொல்கிற சொல்லை உதிர்ந்த பூவுக்கும் சருகுக்கும் சொல்ல வேண்டுமா? நம்மிடம் கூளம் என்ற சொல் இருக்கிறது. வைக்கோல் கூளம் என்கிறோம், குப்பை கூளம் என்று இணைத்தும் சொல்கிறோம். செடிகொடியிலிருந்து விழுந்த துண்டும் துணுக்கும் என்ற பொருள் அதில் அப்படியே இருக்கிறது. தோட்டக்கூளம் என்று எழுதலாம் என்பது என் கருத்து. தழைக்கூளம் என்ற சொல்லை மூடாக்கு, அதாவது செடியைச் சுற்றி மண்ணை மூடப் பரப்புவது, என்ற பொருளில் ஆள்கிறவர்கள் உண்டு, அதனால் குழப்பம் வராமல் முன்னே "தோட்ட" என்று சேர்த்திருக்கிறேன்.

கூளம் என்று பெயர் வைத்த பிறகு அதைப் பிரிப்பதும் எளிது: சருகு, தழை, சுள்ளி. இந்த மூன்றையும் முதலிலேயே தனித்தனியாகச் சேர்த்தால் பிறகு இரண்டாம் முறை கை வைக்க வேண்டியதில்லை. சருகில் கரிமம் அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 60:1. புதிதாக வெட்டிய புல்லில் ஏறத்தாழ 20:1. எரு நன்றாக மட்க 30:1 போல இருந்தால் போதும், அதனால் இரண்டையும் கலந்து போட வேண்டும். சுள்ளி மெதுவாக மட்கும், அது தனியே போகட்டும். மெல்லிய பரப்பாகக் கிடக்கும் சருகை வாரவே வேண்டாம். அதன்மேல் புல்வெட்டியை இரண்டு முறை ஓட்டினால் நொறுங்கிப் புல்லுக்கு இடையில் இறங்கிவிடும். மேலிருந்து பார்த்தால் புல் தெரிய வேண்டும், அதுதான் அளவு. புல் மூடிப்போகும் அளவுக்குச் சருகு இருந்தால் மட்டும் வாரினால் போதும். பாதி வேலை இங்கேயே குறைந்துவிடுகிறது. "கழிவு" என்று எழுதிய பக்கத்தில் இந்த வழியைச் சொன்னால் வாசகர் தயங்குவார் என்று தோன்றியது.

இரண்டு சின்னச் சொற்கள். பெட்டியில் சி.எஃப்.எம். என்று இருப்பது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வெளியே வருகிறது என்ற கணக்கு. கையில் பிடிக்கிற மாதிரிகளில் 400, 500 என்று பார்க்கலாம். மணிக்கு எத்தனை மைல் என்பது அந்தக் காற்று எவ்வளவு விரைவாக வருகிறது என்பது. முன்னதற்குக் காற்றளவு, பின்னதற்குக் காற்றுவேகம் என்று எழுதியிருக்கிறேன். ஒட்டிக்கிடக்கும் சருகைக் கிளப்புவது வேகம், குவியலை நகர்த்துவது அளவு. வாங்குபவர் பெரும்பாலும் வேகத்தை மட்டுமே பார்க்கிறார், அதனால் இரண்டு சொல்லும் தெளிவாகப் பிரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது, காதில் மாட்டும் பாதுகாப்புக் கருவி. பெட்ரோல் மாதிரிகளைப் பிடிப்பவரின் காதில் சத்தம் 85 டெசிபலைத் தாண்டும், அந்த அளவில் நெடுநேரம் இருந்தால் கேட்கும் திறன் குறையும். "காதடைப்பு" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது காது அடைத்துக்கொள்ளும் தொல்லைக்கே வழங்குகிற சொல். காதுமூடி என்று வைத்துக்கொள்ளலாமா?

மாற்றுக் கருத்து வராவிட்டால் கையேட்டின் மூன்றாம் பகுதியிலிருந்து காற்றுவாரி, பல்வாரி, கைவாரி, தோட்டக்கூளம் என்றே எழுதுகிறேன். எனக்கு இன்னும் பிடிபடாதது மல்ச்சிங் மோவர். மூடாக்கு என்ற சொல்லை அதில் கொண்டுவரப் பார்த்தேன், ஆனால் "மூடாக்குப் புல்வெட்டி" என்றால் மூடாக்கை வெட்டுவது போலப் படுகிறது. வெட்டியதை நொறுக்கி அங்கேயே உதிர்த்துவிடுகிற புல்வெட்டி அது. நொறுக்குதல், உதிர்த்தல், தூவுதல் என்ற மூன்று வினைகளில் எதை வைத்து முயலலாம்? இரண்டு மூன்று வடிவம் எழுதி அனுப்புங்கள், எல்லாவற்றையும் வாக்கியத்தில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்.