புதுப்பிப்பு: முதல் இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்கிவிட்டேன்

காடை, கௌதாரி வேட்டைக்கு முதல் இரட்டைக்குழல் துப்பாக்கி 12 கேஜா, 20 கேஜா, குழல்கள் பக்கவாட்டிலா, மேலும் கீழுமா என்று முன்பு கேட்டிருந்தேன். (கேஜ் என்பது குழல் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறியது.) வாங்கியது 20 கேஜ், பக்கவாட்டுக் குழல்கள், குழலுக்கு ஒன்றாகச் சுடுவதற்கு இரண்டு விசைகள்.

எடைதான் முடிவு செய்தது. இந்த வேட்டையில் நாளெல்லாம் நடை, சுடுவதோ சில நொடிகள். கையில் எடுத்துப் பார்த்த 12 கேஜ் 3.3 கிலோ; இது 2.7 கிலோ. மாலையில் தோள் அந்த வித்தியாசத்தை நன்றாகவே உணர்கிறது.

இரண்டு விசை குழப்பும் என்று சிலர் எச்சரித்தீர்கள். எனக்கு அதுவே பிடித்துப்போனது. வலக்குழலில் இம்ப்ரூவ்டு சிலிண்டர் சோக், இடக்குழலில் சற்று இறுக்கமான மாடிஃபைடு. (சோக் என்பது குழல் முனையில் உள்ள குறுக்கம்; இறுக்கம் கூடினால் சிறுகுண்டுகள் குறைவாகச் சிதறும்.) காலடியில் படபடத்து எழும் பறவைக்கு வலக்குழலைச் சுடும் முன்விசை, தொலைவில் எழுவதற்கு இடக்குழலைச் சுடும் பின்விசை.

கட்டை (தோளில் வைக்கும் பின்பகுதி) உடலுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. குழல்கள் காலி என்று உறுதி செய்துகொண்டு, கண்ணை மூடித் தோளில் ஏற்றிவிட்டுத் திறந்தேன். முதலில் எடுத்துப் பார்த்த துப்பாக்கியில் குழல்களின் முதுகு முழுவதும் தெரிந்தது. சுட்டால் குறிக்கு மேலே போயிருக்கும். நான் வாங்கிய இதில், குழல் முனையில் குறி பார்க்க உள்ள முன்மணி நேராக நின்றது.

வீட்டில் 12 கேஜும் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: தோட்டாக்களைக் கலக்காதீர்கள். 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிச் சென்று சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் பின்னால் ஒரு 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பது இதனால்தான்.