தனியாகச் சரியாக வரும் ஆர்எஸ்டி கோப்பு, இன்க்ளூட் செய்தால் தலைப்பு நிலை குழம்புகிறது: உதவி தேவை

கேள்வி:
எங்கள் பில்லிங் மென்பொருளின் கையேட்டை ஸ்பிங்ஸில் (ஆர்எஸ்டி என்ற எளிய குறியீட்டு வடிவக் கோப்புகளை ஆவணப் பக்கங்களாக்கும் கருவி) நான்கு பேர் எழுதுகிறோம். முதன்மைப் பக்கத்தில் பெரிய தலைப்புக்கு அடியில் = வரிசை, உட்தலைப்புக்கு - வரிசை. நிறுவல் கோப்பை எழுதியவர் அப்படியே தலைகீழாகப் போட்டிருக்கிறார், அதற்கும் கீழே ~ வரிசை. தனியாக பில்ட் செய்தால், அதாவது பக்கமாக உருவாக்கினால், குறையே இல்லை. முதன்மைப் பக்கத்துக்குள் இன்க்ளூட் செய்தால் "நிறுவல்" உட்தலைப்பாக இறங்கி, அதன் உட்பிரிவுகள் மேல்மட்டத்துக்கு ஏறிவிடுகின்றன, ~ வரும் இடத்தில் பில்ட் பிழை வேறு. என்ன செய்யலாம்?

பதில் 1:
ஆர்எஸ்டியில் எந்தக் குறிக்கும் நிலையான மட்டம் கிடையாது. ஒரு கோப்பில் முதலில் வருவது முதல் மட்டம், அடுத்துப் புதிதாக வருவது இரண்டாம் மட்டம், அவ்வளவுதான். பக்கங்களைப் பொருளடக்கமாக இணைக்கும் டாக்ட்ரீ ஒவ்வொரு கோப்பையும் தனியாகப் படிப்பதால் இது வெளியே தெரியாது. இன்க்ளூட் அப்படியில்லை, உரையை அந்த இடத்திலேயே ஒட்டிவிடுகிறது, அங்கே = முதல் மட்டம் என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. முதல் மட்டத்துக்கு நேர் கீழே புதுக்குறியாக ~ வந்தால் இரண்டாம் மட்டத்தைத் தாண்டுவதாகிறது, அதனால்தான் பிழை.

எல்லாக் கோப்புக்கும் ஒரே வரிசை வையுங்கள். பைத்தான் ஆவணங்களில் பகுதிக்கு #, அத்தியாயத்துக்கு * (இரண்டுக்கும் மேலேயும் கோடு), பிறகு = - ^ " என்ற வழக்கம் உண்டு, உங்களுக்கு = - ~ போதும். மேலும் கீழும் கோடு போட்டால் அது வேறு பாணியாகவே எண்ணப்படும், அதையும் கலக்காதீர்கள். இன்க்ளூட் ஆகும் கோப்பை எக்ஸ்க்ளூட் பேட்டர்ன்ஸில் (ஸ்பிங்ஸ் அமைப்பில் விலக்க வேண்டிய கோப்புகளின் பட்டியல்) சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் தனிப் பக்கமாகவும் வந்து நிற்கும்.

கேட்டவர்:
மாற்றியதும் மட்டங்கள் சரியாகிவிட்டன, மிக்க நன்றி! ஆனால் சில தமிழ்த் தலைப்புகளில் அடிக்கோடு சிறியது என்ற எச்சரிக்கை வருகிறது. கண்ணுக்குக் கோடு நீளமாகத்தான் தெரிகிறது.

பதில் 2:
கண்ணுக்குத் தெரியும் அகலத்தை ஸ்பிங்ஸ் பார்ப்பதில்லை. காலும் கொம்பும் தனி எழுத்தாக எண்ணப்படும், "கா" என்பது அதற்கு இரண்டு. கோடு நீளமாக இருந்தால் தவறே இல்லை, தாராளமாக இழுத்துவிடுங்கள். அப்புறம் பில்ட் கட்டளையில் -டபிள்யூ சேர்த்தால் எச்சரிக்கையும் பிழையாகிவிடும், யாரும் கவனிக்காமல் தாண்ட முடியாது.

ஒரு பக்கத்தில் "நிறுவல்", இன்னொன்றில் "அச்சிடுவது எப்படி" என்று தலைப்புகளின் நடை கலந்து வருவதை இதெல்லாம் கண்டுபிடிக்காது. அதை நீங்கள் நால்வரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும், பக்கங்கள் குறைவாக இருக்கும் இப்போதே செய்துவிடுங்கள்.