புதுப்பிப்பு: மானுமென்ட் வேலியில் பலூன் ஏறிவிட்டோம்

காற்று பலமாக இருந்ததால், அமெரிக்காவின் அரிசோனா-யூட்டா எல்லையிலுள்ள மானுமென்ட் வேலி என்ற பள்ளத்தாக்கில் பலூன் பயணம் ரத்தானது என்று முன்பு எழுதியிருந்தேன். இன்று பறந்துவிட்டோம்!

விடிந்ததுமே கிளம்பினோம், வெயில் ஏறி மண் சூடானால் காற்று கலங்கிவிடுமாம். பலூனுக்குச் சுக்கான் கிடையாது. உயரத்துக்கு உயரம் காற்றின் திசை மாறும், ஏறி இறங்கித்தான் வழி பிடிக்கிறார்கள். பலூனுக்குள் காற்றைச் சூடாக்கும் பர்னரை நிறுத்தியதும் அப்படியொரு அமைதி. கீழே எங்கோ ஒரு நாய் குரைத்தது அத்தனை தெளிவாகக் கேட்டது. கையுறை போல நிற்கும் மிட்டன் குன்றுகளின் நிழல் செம்மண்ணில் நீண்டு கிடந்தது.

இது அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் நிலம். 1958 முதல் அவர்களே நடத்தும் பூங்கா. அவர்கள் சொல்லும் விதிகளை மதித்துப் போங்கள்.

அப்புறம், கோடையில் போகிறவர்கள் கடிகாரத்தைக் கவனியுங்கள்: அரிசோனாவின் மற்ற பகுதிகளைவிட நவஹோ நிலத்தில் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும்.