உறைபனியில் மின்சார கார்: இறக்கத்தில் ரீஜென் பிடிப்பதில்லை, உதவுங்கள்

வணக்கம். நான் இருப்பது ஊட்டி பக்கம், தலைக்குந்தா. உறைபனி தொடங்கியதிலிருந்து ஹீட்டர் போட்டாலே ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) மளமளவென இறங்குகிறது. அது பரவாயில்லை, ஸ்வெட்டர் இருக்கிறது. பயமெல்லாம் இறக்கத்தில்தான். காலையில் குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் கிளம்பினால் ரீஜென் (மோட்டாரே வண்டியை மெதுவாக்கி, அந்த ஆற்றலை பேட்டரிக்குத் திருப்பும் பிரேக்கிங்) பிடிப்பதே இல்லை; ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் வண்டி உருண்டு ஓடுகிறது, கொண்டை ஊசி வளைவுகளில் மொத்த பாரமும் பிரேக் மேல். சில்லிட்ட லித்தியம் பேட்டரி சார்ஜை வேகமாக ஏற்காது என்பது தெரியும். பேட்டரியில் இடம் இருக்கட்டும் என்று சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தியும் பார்த்தாச்சு, பெரிய மாற்றமில்லை. பேட்டரியை முன்கூட்டியே சூடாக்கும் வசதி என் மாடலில் கிடையாது.

கிளம்பும் நேரத்தில் சார்ஜ் முடிகிற மாதிரி டைமர் வைத்தால், சார்ஜ் ஆகும்போது பேட்டரியில் ஏறும் சூடு போதுமா? கோத்தகிரி, கொடைக்கானல்காரர்கள் என்ன செய்கிறீர்கள்? அம்மாவை அடிக்கடி கோவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், தெரிந்தவர்கள் அவசியம் சொல்லுங்கள்.